குடியேறிகள் நிறைந்த லண்டன் ஏன் வெளியேற விரும்பவில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: குடியேற்றம் பற்றிய கவலையால்தான் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது என்றால், குடியேறிகள் மிகுதியாக வாழும் லண்டன் எப்படி ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்று வாக்களித்தது? நியாயமான கேள்வி. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் நாடு முழுவதிலும் 51.9 விழுக்காட்டினர் வெளியேறுவதற்கும் 48.1 விழுக்காட்டினர் நீடிப்பதற்கும் வாக்களித்தனர். லண்டனிலோ ஏறத்தாழ 60 விழுக்காட்டு வாக்குகள் நீடிப்பதற்கே விழுந்தன. தெற்கு லண்டனின் லாம்பெத் பகுதியில் வாழ்வோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அங்கே நீடிப்புக்குக் கிடைத்த ஆதரவு 78.6 விழுக்காடு.

குடியேறிகளே வாக்களித்து முடிவை மாற்றியிருப்பார்கள் என்று உடனே தோன்றும். அது ஓரளவே உண்மை. அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்த லண்டன் தமிழருக்கு வாக்குரிமை இருந்தது. ஆனால் விவாதத்தின் மையத்தில் இருந்த போலந்து, லிதுவேனியா, ருமேனியா நாட்டினருக்கு, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தால் ஒழிய, வாக்கு இல்லை. லண்டனின் முடிவைப் புரிந்துகொள்ள, வாக்களித்தவர் யார் என்பதைவிட அவர்கள் கண்முன்னே எது எவ்வளவு வேகமாக மாறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், குடியேற்றக் கவலை ஒன்றியத்தின் மீது எப்படி வந்து விழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975இல் இதே போன்றதொரு வாக்கெடுப்பு நடந்தபோது 67 விழுக்காட்டினர் ஐரோப்பிய அமைப்பில் தொடரவே வாக்களித்தனர்; அன்றைய விவாதம் விலைவாசியையும் வணிகத்தையும் சுற்றி நடந்தது, குடியேற்றம் அதில் பெரிதாக எழவில்லை. 2004இல் கிழக்கு ஐரோப்பாவின் எட்டு நாடுகள் உட்படப் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது நிலைமை மாறியது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழாண்டுகள் வரை தங்கள் வேலைச் சந்தையைப் புதியவர்களுக்கு முழுமையாகத் திறக்காமல் வைத்திருந்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்றும் முதல் நாளே திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை கூடுதலாக வரக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீடு சொன்னது. ஜெர்மனியும் கதவைத் திறக்கும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அது. 2001இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் சுமார் 58,000 பேர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 5,79,000 பேர். ஒன்றியத்திற்குள் தடையின்றிச் சென்று வேலை செய்வது அடிப்படை உரிமை என்பதால், எந்த அரசு வந்திருந்தாலும் இந்த எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க இயன்றிருக்காது. நிகரக் குடியேற்றத்தை, அதாவது வந்தவர்களிலிருந்து நாட்டை விட்டுப் போனவர்களைக் கழித்த எண்ணிக்கையை, ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாக 2010இல் வாக்குறுதி அளித்த டேவிட் கேமரன், பிரதமராக 2016 பிப்ரவரியில் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸுக்குச் சென்று குடியேற்றம் குறித்துப் பெற்றுவந்தது, புதியவர்களுக்கான அரசு உதவித்தொகையைச் சில ஆண்டுகள் குறைக்கும் அனுமதியை மட்டுமே. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் இருக்கையில், முந்தைய ஆண்டின் நிகரக் குடியேற்றம் 3,33,000 என்று புள்ளிவிவரம் வெளியானது. எண்ணிக்கையைக் குறைக்க விரும்பும் வாக்காளர் ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு இவ்வாறுதான் வந்து சேர்ந்தார்.

இனி மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. சுற்றிலும் சதுப்பை வடித்து உருவாக்கிய வளமான நிலம்; முட்டைக்கோசும் காலிபிளவரும் விளையும். அறுவடைக்கும் பொட்டலம் கட்டும் கூடங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டதால் 2004க்குப் பின் லிதுவேனியா, போலந்து, லாட்வியா நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் அங்கே குவிந்தனர். 2001இல் நகரில் நூற்றுக்கு மூவராக இருந்த வெளிநாட்டில் பிறந்தோர், 2011இல் நூற்றுக்குப் பதினைந்து பேர். லண்டனோடு ஒப்பிட்டால் பதினைந்து விழுக்காடு மிகச் சாதாரணம். ஆயினும் பிரிட்டனிலேயே மிக அதிகமாக, 75.6 விழுக்காட்டினர், வெளியேற வாக்களித்த ஊர் இந்தப் பாஸ்டன்தான். அது தனி விதிவிலக்கும் அல்ல. 2001க்கும் 2014க்கும் இடையில் வெளிநாட்டில் பிறந்தோரின் எண்ணிக்கை 200 விழுக்காட்டுக்கு மேல் பெருகிய உள்ளாட்சிப் பகுதிகளில் 94 விழுக்காடு வெளியேற்றத்தின் பக்கம் நின்றன என்று எக்கனாமிஸ்ட் இதழ் வாக்கெடுப்புக்குப் பின் கணக்கிட்டுக் காட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் 19ஆம் நூற்றாண்டின் லைப்சிக் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர். கையில் இருக்கும் எடையோடு இன்னும் எவ்வளவு சேர்த்தால் மனிதருக்கு வேறுபாடு தெரிகிறது என்று அவர் சோதித்தார். நூறு கிராம் எடையைத் தாங்கும் கை கூடுதலாகச் சில கிராமை உணர்ந்துவிடும்; ஐந்து கிலோவைத் தாங்கும் கைக்கு அதே சில கிராம் தெரியவே தெரியாது. நாம் உணர்வது கூட்டப்பட்ட அளவை அன்று, ஏற்கெனவே இருந்ததற்கும் கூட்டப்பட்டதற்கும் உள்ள விகிதத்தையே. மூன்றோடு பன்னிரண்டு சேர்ந்தால் ஐந்து மடங்கு. முப்பதோடு அதே பன்னிரண்டு சேர்ந்தால் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. பாஸ்டனில் பத்தாண்டுக்குள் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளும் பள்ளி வாசலில் கேட்கும் பேச்சும் மாறிவிட்டன. லாம்பெத்தில் எத்தனையோ மொழிகளோடு மேலும் ஒரு மொழி வந்து கலந்தது, அவ்வளவுதான். எடைக்கு உண்டான விதியை வாக்குக்கு அப்படியே பொருத்துவது கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனம் நிலையை விட்டுவிட்டு மாற்றத்தைப் பற்றிக்கொள்ளும் கருவி என்பதற்கு நேரடிச் சோதனையே ஒன்று உண்டு.

அந்தச் சோதனை நடந்தது இன்னொரு பாஸ்டனில், லிங்கன்ஷயரிலிருந்து கடல் கடந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் ஊரின் பெயரை வைத்த அமெரிக்க நகரத்தில். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரயன் ஈனோஸ், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் புறநகர்களின் ரயில் நிலையங்களுக்கு ஸ்பானிய மொழி பேசும் ஆட்களை இருவர் இருவராக அனுப்பினார். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தினமும் அதே நேரத்தில் அதே நடைமேடையில் நின்று மற்றவர்களைப் போல ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. எந்தெந்த நேரத்து ரயிலுக்கு ஆட்கள் செல்வார்கள், எதற்குச் செல்லமாட்டார்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அன்றாடப் பயணிகளிடம் குடியேற்றம் பற்றிய கருத்துகள் முன்பும் பின்பும் கேட்கப்பட்டன. வெறும் இரண்டு பேர் புதிதாகக் கண்ணில் பட்டதற்கே, குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற பக்கம் பயணிகளின் கருத்து நகர்ந்திருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது முடிவின் மறுபாதி. மூன்று நாள் கழித்துக் கேட்டவர்களிடம் கடுமையாக இருந்த அந்த மாற்றம், பத்து நாள் கழித்துக் கேட்டவர்களிடம் தணிந்திருந்தது. நடைமேடையில் நின்றவர்களைப் பார்த்து மற்ற பயணிகள் அடையாளம் கண்டு புன்னகைக்கவும் தொடங்கியிருந்தனர். 2014இல் வெளியான இந்த ஆய்வை வைத்துக்கொண்டு பார்த்தால், லிங்கன்ஷயரின் பாஸ்டனும் லண்டனின் லாம்பெத்தும், முதலில் ஏறிப் பின் தணியும் ஒரே வளைகோட்டின் வெவ்வேறு புள்ளிகளாகத் தோன்றுகின்றன.

இங்கே ஒரு தடை எழுகிறது. வடகிழக்கு இங்கிலாந்தின் சன்டர்லண்டில் குடியேறிகள் மிகக் குறைவு, மாற்றமும் பெரிதில்லை, அங்கும் 61.3 விழுக்காட்டினர் வெளியேறவே வாக்களித்தனர். மறுபுறம், லண்டனை அடுத்த ஸ்லவ் நகரில் வெளிநாட்டில் பிறந்தோர் ஏராளம்; அதுவும் 54 விழுக்காடு வெளியேற்றத்தின் பக்கம் போனது. ஸ்லவைப் போன்ற ஊர்களில் தெற்காசியக் குடும்பங்கள் மிகுதி. சமையற்காரர் ஒருவரைத் துணைக்கண்டத்திலிருந்து வரவழைக்க விசாவுக்கு அலையும் உணவகக்காரருக்கு, ஐரோப்பியர் விசாவே இல்லாமல் வருவது உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தலை அன்றைய அமைச்சர் பிரீத்தி படேல் உள்ளிட்ட வெளியேற்றத் தரப்பினர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டனர்.

சன்டர்லண்டுக்கான விடையில் ஒரு பகுதியை அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஹாப்கின்ஸ் 2010இல் முன்வைத்த கருதுகோள் தருகிறது. உள்ளூரில் திடீர் மாற்றம் நேர்ந்தால் மட்டும் போதாது; அதே சமயத்தில் நாடு தழுவிய அரசியலும் ஊடகமும் குடியேற்றத்தைப் பேசுபொருளாக்க வேண்டும், அப்போதுதான் தெருவில் கண்டது அரசியல் கருத்தாக உருவெடுக்கும் என்பது அவர் வாதம். இரண்டும் சேரும் இடத்தில் எதிர்ப்பு உச்சம் பெறும். பேச்சு மட்டும் உரத்து ஒலிக்கும் இடத்தில் வாக்காளர் காணாத ஒன்றைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வார் என்று நான் சேர்த்துக்கொள்வேன். 2016 ஜூனில் இப்சோஸ் நிறுவனம் நடத்திய கணிப்பில், பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றிய நாட்டினர் எத்தனை விழுக்காடு என்று கேட்டபோது மக்கள் சராசரியாகச் சொன்ன விடை 15, உண்மை 5. வெளியேற நினைத்தவர்கள் 20 என்றும், நீடிக்க நினைத்தவர்கள் 10 என்றும் சொன்னார்கள். ஆக, சராசரியாகப் பார்த்தால் இரு பக்கத்தினரும் மிகைப்படுத்தவே செய்தனர்.

குடியேற்றமே முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வாக்கெடுப்பு நாளில் லார்டு ஆஷ்கிராஃப்ட் நடத்திய கருத்துக்கணிப்பில், வெளியேற வாக்களித்தவர்களில் 49 விழுக்காட்டினர் நாட்டின் முடிவுகள் நாட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும் என்பதை முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். குடியேற்றத்தின் மீதும் எல்லையின் மீதும் கட்டுப்பாடு என்றவர்கள் 33 விழுக்காடு. ஊர்வாரியான கணக்குகளில் கல்வித் தகுதியும் வருமானமும் பழைய தொழில்களின் சரிவும் குடியேற்றத்தைவிட வலுவாகவே வாக்கை விளக்குகின்றன. லண்டனில் இளம் பட்டதாரிகள் அதிகம். பன்மொழிச் சூழல் பிடிக்காதவர்களில் பலர் முன்பே நகரை விட்டுப் போயிருக்கலாம். ஊரின் சராசரியைக் கொண்டு தனி மனிதரின் மனத்தைப் படிக்க முயல்வது புள்ளியியலில் பழைய பொறி என்பதையும் மறக்கலாகாது.

அந்தப் பொறியிலிருந்து தப்ப நல்ல வழி, அதே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்பதுதான். 1964 முதல் நடந்துவரும் பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வு பொதுப்பணத்தில் அதைச் செய்கிறது. பாஸ்டனின் கதையும் 2001, 2011 கணக்கெடுப்புகள் உரிய ஆண்டில் நடந்ததால்தான் நமக்குத் தெரிகிறது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு, வடமாநிலத் தொழிலாளர் இத்தனை பேர் என்று தொலைக்காட்சியில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிச் சண்டையிடும் நாம் பொறாமைப்பட வேண்டிய இடம் இது. சமூக அறிவியலுக்குச் செலவழிப்பதை வீண் என்று கருதும் மனப்பான்மையின் விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியேறிய பின் நடந்தது இந்த விளக்கத்திற்கு நல்ல சோதனை. வாக்கெடுப்புக்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குடியேற்றம் பெரிதாகக் குறையாதபோதும், அதை நாட்டின் முக்கியப் பிரச்சினையாகக் கருதியோரின் பங்கு வெகுவாகச் சரிந்தது. பேச்சு அடங்கியது, கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டது என்ற நம்பிக்கையும் பிறந்தது. 2021இல் தடையற்ற நடமாட்டத்துக்குப் பதில், வேலை, சம்பளம் போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் புள்ளி முறை விசா வந்தது. ஐரோப்பியர் வரவு குறைய, இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் மாணவர்களும் முதியோர் பராமரிப்பாளர்களும் வந்தனர். 2023 ஜூனில் முடிந்த ஆண்டில் நிகரக் குடியேற்றம் ஒன்பது லட்சத்தைத் தொட்டதாகப் பின்னர் திருத்தப்பட்ட கணக்கு காட்டியது. 2022இல் மட்டும் 45,000க்கும் மேற்பட்டோர் சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தனர். கவலை திரும்பவும் ஏறியது. இம்முறை பழியை ஏற்க பிரசல்ஸ் இல்லை. 2024 ஜூலைத் தேர்தலில், வெளியேற்றத்தை நடத்தி முடித்த கன்சர்வேட்டிவ் கட்சி தன் வரலாறு காணாத தோல்வியைச் சந்தித்தது. வெளியேற்றத்துக்காகப் பல ஆண்டுகள் பிரச்சாரம் செய்த நைஜல் ஃபராஜின், குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி ஐந்து இடங்களையும் 14 விழுக்காட்டு வாக்குகளையும் பெற்றது.