கல்லூரிக்குள் ஓட்டுக் கேட்கலாமா? விதியில் இருப்பது என்ன

"வளாகத்தில் அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை" என்று பல கல்லூரிகளில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். எந்த விதிப்படி என்று கேட்டால் "லிங்டோ கமிட்டியே சொல்லியிருக்கு" என்று பதில் வரும். சரி, மாணவர் தேர்தலுக்கு விதிகள் பரிந்துரைத்த அந்தக் குழுவின் அறிக்கையை எடுத்துப் படித்தால், பரிந்துரைகளில் முதலில் வருவதே, பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வழக்கமாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்பதுதான். நியமன முறையில் ஓட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிகள்கூட ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்கிறது. தடைகள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை, அதுவும் தேர்தலை எப்படி நடத்துவது என்பதற்காக வருபவை. மாணவர்களிடம் பாதியை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் அதைப் பின்பற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் இது மாணவர் பேரவைத் தேர்தலுக்கான விதி மட்டுமே. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கட்சிகள் கல்லூரி மைதானத்தில் கூட்டம் போடலாமா என்பது தேர்தல் ஆணையத்தின் விஷயம், அதற்கு விதிகள் வேறு. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதலில் மாணவர் தேர்தல். போட்டியிட முழுநேர மாணவராக இருக்க வேண்டும், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம், பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு இரண்டில் எது அதிகமோ அது இருக்க வேண்டும், குற்ற வழக்கோ கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கையோ இருக்கக் கூடாது. வயது இளங்கலைக்கு 17 முதல் 22 வரை, ஆய்வு மாணவருக்கு 28 வரை. தலைவர், செயலாளர் மாதிரியான பொறுப்புக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை. வேட்புமனுவில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாம் பத்து நாளுக்குள் முடிய வேண்டும்.

பிரசாரத்துக்கு வருவோம். அச்சடித்த போஸ்டர், அச்சடித்த நோட்டீஸ் இரண்டும் கூடாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும்தான், அதையும் நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்த இடங்களில்தான் ஒட்டலாம். ஒலிபெருக்கி, வண்டி, விலங்குகள் எதுவும் கிடையாது. சாதி, மத உணர்வைத் தூண்டி ஓட்டுக் கேட்கக் கூடாது, வழிபாட்டுத் தலத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எதிர் வேட்பாளரின் கொள்கையை, இதற்கு முன் அவர் செய்ததை விமர்சிக்கலாம், அவருடைய சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது. ஊர்வலமும் கூட்டமும் அடியோடு தடை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, வளாகத்துக்குள் நடத்தலாம். வாக்குப்பதிவு நாளில் குடிதண்ணீர் தவிர யாருக்கும் எதுவும் வாங்கித் தரக் கூடாது, தேநீர்கூட.

வெளியாள் யாரும் எந்த வகையிலும் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்பதுதான் இதில் கடுமையான விதி. கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர், அவர் போன ஆண்டு படித்து முடித்த சீனியராகவே இருந்தாலும், உங்களுக்காக ஓட்டுக் கேட்டு வந்தால் உங்கள் வேட்புமனுவே ரத்தாகலாம். பணமும் அப்படித்தான். மாணவர்கள் மனமுவந்து கொடுப்பதை வாங்கலாம், கட்சியிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

செலவு உச்சவரம்பு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். இங்கேதான் நல்ல பிள்ளைகள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த முழுக் கணக்கைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். ஜெயித்த சந்தோஷத்தில் சுற்றிவிட்டு, பன்னிரண்டாம் நாள் ஹாஸ்டல் அறையில் மெத்தையைப் புரட்டி பில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் யார் எவ்வளவு கொடுத்தார்கள், வலது பக்கம் என்ன வாங்கினீர்கள்: சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒட்டும் டேப், எல்லாவற்றையும் எழுதி, பில்லை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வையுங்கள். நண்பன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணப்பூச்சையும் எழுதிவிடுங்கள். அப்புறம் யாரும் அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடியாது.

அடுத்து பொதுத்தேர்தல். நடத்தை விதிமுறைகள் அமலில் இருக்கும்போது கல்லூரி மைதானத்தில் கட்சிக்கூட்டம் நடத்தத் தேர்தல் ஆணையம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. பாடநாட்கள் பாதிக்கப்படக் கூடாது, நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது, நிர்வாகத்தின் அனுமதியோடு கோட்ட அளவிலான வருவாய் அதிகாரியின் அனுமதியும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். முக்கியமாக, முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற கணக்கு. ஒரு கட்சிக்கே மைதானத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பஞ்சாப், ஹரியானாவில் மட்டும் உயர் நீதிமன்றத் தடை இருப்பதால் இது பொருந்தாது. உங்கள் கல்லூரி வாக்குச்சாவடியாக இருந்தால், வாக்குப்பதிவு நாளில் 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம்.

அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளரின் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம் பிரசாரம் ஆகாது, அதைத் தயங்காமல் நடத்தலாம். 17 வயது முடிந்த மாணவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

விதிமீறல் நடந்தால் எங்கே போவது? பொதுத்தேர்தல் என்றால் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம், நடத்தை விதிமுறைகள் அமலில் இருக்கும் காலத்தில் மட்டும். மாணவர் தேர்தல் என்றால் கல்லூரியில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மாணவர் நல டீன், ஒரு மூத்த ஆசிரியர், ஒரு மூத்த நிர்வாக அலுவலர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் என்று அதில் யார் யார் என்பதையும் விதியே சொல்கிறது. முடிவு அறிவித்த மூன்று வாரத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு குழுவே இல்லை என்று சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள்.