பணிவிடைத் தலைமை

சபைக் கூட்டங்களிலும் வேதாகமக் கல்லூரிகளிலும் அடிக்கடி காதில் விழும் 'சர்வன்ட் லீடர்ஷிப்' (மற்றவர்களுக்குப் பணி செய்வதன் மூலம் தலைமை தாங்குவது) என்ற தொடருக்குத் தமிழில் நான்கைந்து பெயர்கள் உலவுகின்றன: சேவகத் தலைமை, ஊழியத் தலைமை, தொண்டர் தலைமை, பணியாளர் தலைமை. இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்துவது 'பணிவிடைத் தலைமை'.

தொடரின் வயது குறைவு. அமெரிக்காவின் ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனத்தில் 1964 வரை வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையால் பரவியது. அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் தமக்குத் தூண்டுதலாக அவர் சொன்னது ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கதையில் வரும் லியோ என்ற வேலைக்காரனை. கருத்து மட்டும் மிகப் பழையது. மாற்கு 10:42-45இல் சீடர்களான யாக்கோபும் யோவானும் தமது வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்ட சண்டையை ஒட்டி இயேசு சொன்னது அது.

அந்தப் பகுதியில் இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன. பெரியவனாக விரும்புகிறவன் 'டியாகொனொஸ்' ஆகவேண்டும். முதன்மையானவனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் 'டூலொஸ்' ஆகவேண்டும். முன்னது பந்தியில் பரிமாறுகிறவரையும் ஏவிய வேலையை முடிக்கிறவரையும் குறிக்கும். பின்னது அடிமை, விலைக்கு வாங்கப்பட்டவன், தன் உடல்மேல் தனக்கே உரிமை இல்லாதவன். பழைய திருப்புதல் (புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) முதற்சொல்லைப் 'பணிவிடைக்காரன்' என்றும் இரண்டாவதை 'ஊழியக்காரன்' என்றும் பெயர்த்தது. அதே திருப்புதல் பிலிப்பியர் 2:7இல் 'டூலொஸ்' வரும் இடத்தில் 'அடிமையின் ரூபமெடுத்து' என்று தயங்காமல் எழுதியிருக்கிறது. கிறிஸ்துவைக் குறிக்கும்போது 'அடிமை', அப்போஸ்தலன் பவுலையும் நம்மையும் குறிக்கும்போது 'ஊழியக்காரன்'!

சறுக்கல் எங்கே தொடங்கியது என்பதை அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் காட்டிக்கொடுக்கிறது. விதவைகளுக்கு அன்றாடம் உணவு கொடுப்பது, பந்தியில் பரிமாறுவது, வசனத்தைப் போதிப்பது ஆகிய மூன்றுக்கும் கிரேக்கத்தில் 'டியாகொனொஸ்' என்பதன் வேர்ச்சொல் ஒன்றுதான். பழைய திருப்புதலில் முதலாவது 'அன்றாட விசாரணை', இரண்டாவது 'பந்திவிசாரணை', மூன்றாவது மட்டும் 'ஊழியம்'. சோறு போடுகிறவர் ஒரு சொல்லிலும் பிரசங்கிக்கிறவர் இன்னொரு சொல்லிலும் பிரிந்துபோனார்கள். மூலத்தில் இருவரும் செய்வது ஒரே 'டியாகொனியா' என்பது தமிழில் படிப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

'ஊழியம்' என்ற சொல்லின் பழைய வாழ்க்கை கசப்பானது. திருவிதாங்கூரில் அது ஒடுக்கப்பட்ட சாதியார்மேல் சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலை. ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் அரசுக்குச் செய்தாகவேண்டிய கட்டாய உழைப்பு. அந்நாளில் 'ஊழியக்காரன்' என்று கேட்டவருக்கு முதுகு வலித்திருக்கும். இன்றோ 'ஊழியக்காரர் வருகிறார்' என்றால் முன்வரிசை நாற்காலி காலியாகிறது, சால்வை தயாராகிறது. சொல் ஏறிய உயரத்துக்கு அது குறித்த வேலை ஏறவில்லை. சபைக்கு வெளியே 'ஊழியர்' என்றால் சம்பளம் வாங்குகிற அலுவலர். ஆகவே 'ஊழியத் தலைமை' சபைக்குள் 'பாஸ்டர்களின் தலைமை' என்றும், வெளியே தொழிற்சங்கப் பதவி என்றும் கேட்கும்.

'சேவகத் தலைமை' வேதாகமம் படித்தவருக்கு உடனே இடறும்: இயேசுவைத் தேசாதிபதியின் அரமனைக்குள் கொண்டுபோய்ப் பரியாசம் பண்ணியவர்கள் 'போர்ச்சேவகர்'. 'பணியாளர் தலைமை' மனிதவளத் துறையின் வாடை அடிக்கிறது. 'தொண்டர்' அழகான சொல். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வேதாகமம் 'உங்கள் தொண்டராய் இருக்கட்டும்' என்றே எழுதுகிறது, சைவ அடியார் மரபின் கனமும் அதற்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டு அரசியலில் தொண்டர் என்பவர் தலைவருக்குக் கீழே கொடி பிடிக்கிறவர். 'தொண்டர் தலைமை' என்றால் 'தொண்டர்களை நடத்தும் தலைமை' என்று தலைகீழாகப் புரிந்துகொள்ளவே வாய்ப்பு அதிகம்.

'பணிவிடை' இந்தச் சிக்கல்களில் இருந்து தப்பிக்கிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருமகள் செய்வது பணிவிடை. அதில் கை அழுக்காகும், பட்டம் கிடைக்காது. 'பணி' என்ற வேரும் இங்கே துணை நிற்கிறது: பணிந்தான் என்றால் வணங்கினான், பணித்தான் என்றால் கட்டளையிட்டான். குனிவதும் ஏவுவதும் ஒரே வேரில் இருப்பது வேறெந்தச் சொல்லிலும் கிடைக்காத வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக லூக்கா 22:26: 'தலைவன் பணிவிடைக்காரனைப்போலவும் இருக்கக்கடவன்.' தலைவனும் பணிவிடைக்காரனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்கவேண்டிய வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பணிவிடை என்றால் கேட்டதையெல்லாம் செய்துகொடுப்பது என்று சபைக் கமிட்டிகள் எடுத்துக்கொள்வது உண்டு; அப்போது தலைவர் எடுபிடியாகிறார், முடிவெடுக்க ஆள் இல்லாமல் போகிறது. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் காலின்ஸ் 1990இல் 'டியாகொனொஸ்' என்பதில் அனுப்பியவர் சார்பாக வருகிற தூதர் என்ற பொருளே மேலோங்குகிறது என்று வாதிட்டார். முழுவதும் ஏற்காவிட்டாலும் அந்தத் திருத்தம் தேவை. யோவான் 13இல் சீலையை அரையில் கட்டிக் கால் கழுவியவர், கழுவி முடித்ததும், 'நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே' என்றார். பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்ற பேதுருவின் விருப்பத்துக்கு இணங்கவும் இல்லை.

எழுதும்போது 'பணிவிடைத் தலைமை' என்று ஒற்று மிகும். ஆளைக் குறிக்கப் 'பணிவிடைத் தலைவர்'. சபையின் 'டீக்கன்' பதவிக்கு இதை எடுத்தாளக் கூடாது. அதற்குப் பழைய திருப்புதலின் 'உதவிக்காரர்', கத்தோலிக்க வழக்கின் 'திருத்தொண்டர்' என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. 'டூலொஸ்' வரும் வசனத்தை விளக்குகிறவர் 'அடிமை' என்றே சொல்லிவிடலாம். பிலிப்பியர் 2:7 அதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது.