கெண்டிக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு காகிதம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் ஃபின்லாந்தில் வேலை பார்க்கிறாள். அங்கே காலை முதல் மாலை வரை காபிதான் என்கிறாள். எனக்கோ கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, காபியைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். இவ்வளவு குடிக்கும் அந்த மக்களின் இதயம் எப்படித் தாங்குகிறது?"

நல்ல கேள்வி. ஒரு காலத்தில் தாங்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கதையில் காபிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஃபின்லாந்து மக்கள் காபியைக் கைவிடவே இல்லை. காபி போடும் முறைதான் மாறியது.

தலைக்கு இத்தனை கிலோ என்று கணக்கிட்டால், காபி குடிப்பதில் உலகிலேயே முன்வரிசையில் நிற்பவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள். ஓர் ஆள் ஓர் ஆண்டில் குடித்துத் தீர்ப்பது ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ காபித்தூள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கோப்பை என்பது அங்கே சாதாரணம். வேலையிடத்தில் காபி இடைவேளை என்பது முதலாளியின் தயவில் கிடைப்பதில்லை. தொழிற்சங்கங்கள் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருக்கும் உரிமை அது. விருந்தாளி வந்தால் காபி, தேவாலயப் பிரார்த்தனை முடிந்தால் காபி, இறுதிச் சடங்கிலும் காபி. ஓட்டுப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு காபி குடிக்கப் போவதுகூட ஒரு வழக்கம். பக்கத்தில் பெரும்பாலும் 'புல்லா' இருக்கும். ஏலக்காய் இடித்துப் போட்ட இனிப்பு ரொட்டி அது. காபிக்கொட்டையை அவர்கள் இளவறுப்பாகவே விரும்புகிறார்கள். 1929-இல் பௌலிக் நிறுவனம் கொண்டுவந்த யூலா மொக்கா இன்றும் கடைகளில் செல்வாக்கோடு விற்கும் இளவறுப்புத் தூள்தான்.

இந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்குப் போர்க்காலமே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது காபி ரேஷனில் போய், பிறகு கிடைக்காமலே போனது. சிக்கரி, கோதுமைக்கு உறவான தானியமான ரை, சீமைக் காட்டுமுள்ளங்கி வேர் என்று எதையெதையோ வறுத்து இடித்துக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். போர் முடிந்து 1946 பிப்ரவரியில் 'ஹெராக்ளெஸ்' என்ற கப்பல் காபி மூட்டைகளோடு துர்க்கு துறைமுகத்துக்கு வந்தது நாட்டுக்கே திருவிழாவாக இருந்தது. காபி ரேஷன் முற்றிலும் நீங்க 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துக் காபியில் வடிகட்டல் கிடையாது. கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க விடுவார்கள். கொரகொரப்பாக அரைத்த தூளை அதிலேயே கொட்டுவார்கள். நுரைத்துப் பொங்கியதும் இறக்கி வைப்பார்கள். சில நிமிடங்களில் சக்கை அடியில் தங்கிவிடும். தெளிந்ததை அப்படியே கோப்பையில் ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான். 'பன்னுகாவி' என்று இதற்குப் பெயர். நாட்டின் வடகோடியான லாப்லாந்துக் காடுகளில் விறகுத் தீயின் மேல் கரி படிந்த கெண்டியைத் தொங்கவிட்டு இன்றும் இப்படித்தான் காபி போடுகிறார்கள்.

இனி இதயத்துக்கு வருவோம். 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும், மாரடைப்பால் நடுத்தர வயது ஆண்கள் சாகும் விகிதத்தில் ஃபின்லாந்து உலகின் உச்சியில் இருந்தது. கிழக்கு எல்லையோர மாகாணமான வட கரேலியாவில் நிலைமை மிக மோசம். எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று அந்த மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-இல் தொடங்கியது வட கரேலியா திட்டம். பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதைக்கூட எட்டாத இளம் மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். வெண்ணெய், கொழுப்பு நிறைந்த பால், புகையிலை, உப்பு ஆகியவையே முதன்மைக் குற்றவாளிகள் என்று கண்டு, ஊர் ஊராகப் போய்ப் பழக்கங்களை மாற்றினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் அங்கே 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பொதுச் சுகாதார வரலாற்றில் இதைவிட எனக்குப் பிடித்த அத்தியாயம் வேறில்லை.

இந்த நேரத்தில் பக்கத்து நாடான நார்வேயிலிருந்து ஒரு புதிர் கிளம்பியது. வடகோடி நகரமான திரோம்சோவில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 1983-இல் ஆய்வு முடிவு ஒன்றை வெளியிட்டார்கள். எவ்வளவு கூடுதலாகக் காபி குடிக்கிறார்களோ, ரத்தத்தில் அவ்வளவு கூடுதலாகக் கொலஸ்ட்ரால்! ஆனால் அமெரிக்காவில் செய்த பல ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு சரியாகப் பிடிபடவில்லை. பானம் ஒன்றுதான், மனித உடலும் ஒன்றுதான். பின் முடிவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?

வட நார்வேயில் அன்று பலரும் குடித்தது கெண்டியில் கொதிக்க வைத்த காபி. அமெரிக்கர்கள் குடித்தது பெரும்பாலும் வடிகட்டிய காபியும் இன்ஸ்டன்ட் காபியும். இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஆட்கள் சில வாரங்கள் கொதிக்க வைத்த காபியும், சில வாரங்கள் வடிகட்டிய காபியும், சில வாரங்கள் தேநீரும் குடித்தார்கள். கொதிக்க வைத்த காபி குடித்த காலத்தில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது. 1987-இல் இது வெளியானது. அடுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் கொதிக்க வைத்த காபியின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தன்னார்வலர்களுக்கு ஆறு வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் விறுவிறுவென்று கூடியது. ஆக, வினை காஃபீனில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது.

காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்ற இரண்டு பொருள்கள் உண்டு. இவற்றில் வலுவானது கஃபெஸ்டால். நீரில் கரையாதது, சூடான நீர் பட்டதும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளாகவும், மிதக்கும் மெல்லிய தூளோடு ஒட்டிக்கொண்டும் வெளியே வரும். கறுக்கக் கறுக்க வறுத்தால் ஓரளவு சிதையும். இளவறுப்பை விரும்பும் ஃபின்லாந்து மக்களுக்கு அந்தச் சலுகையும் குறைவு.

என்னைச் சொக்க வைப்பது இந்தப் பொருள் உடலுக்குள் போய்ச் செய்யும் வேலை. கஃபெஸ்டால் கொலஸ்ட்ரால் அன்று, கொலஸ்ட்ராலாக மாறுவதுமில்லை. குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே ஓயாமல் நடக்கும் ஓர் உரையாடலில் அது குறுக்கிடுகிறது.

கொலஸ்ட்ராலை எரித்துத் தீர்க்க நம் உடலுக்கு வழி தெரியாது. வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வாசல் பித்தநீர். கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்து அதிலிருந்து பித்த அமிலங்களைச் செய்கிறது. அவை பித்தநீரோடு குடலுக்குள் இறங்கி, நாம் உண்ட கொழுப்பைக் கரைத்துச் செரிக்க உதவுகின்றன. வேலை முடிந்ததும் உடல் அவற்றை வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி ஏறத்தாழ 95 சதவீதத்தை மீண்டும் உறிஞ்சி, கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. மீதி சிறு பங்கு மலத்தோடு போகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, கல்லீரல் மேலும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று கல்லீரலுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் அழகு. சிறுகுடலின் கடைசிப் பகுதிச் செல்களில் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. பித்த அமிலம் வந்து அதில் பொருந்தினால் அது விழித்துக்கொண்டு ஒரு மரபணுவை முடுக்கும். அந்த மரபணுவிலிருந்து உருவாகும் எஃப்.ஜி.எஃப். 19 என்ற புரதம் ரத்தத்தில் பயணம் செய்து கல்லீரலை அடையும். "இங்கே பித்தம் போதுமான அளவு வந்துவிட்டது, உற்பத்தியைக் குறை" என்பது அது கொண்டுபோகும் செய்தி. உடனே கல்லீரல், கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் முதல் நொதியின் உற்பத்தியை அடக்கிவிடும்.

கஃபெஸ்டாலின் மூலக்கூறும் இதே எஃப்.எக்ஸ்.ஆர். ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது! ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2007-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கடைமடை வயல் வரை தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று பொய்ச் சேதி போனால் அணையில் மதகை இறக்கிவிடுவார்கள், அணையில் நீர்மட்டம் ஏறும் அல்லவா? அதேதான் இங்கும். பித்தம் போதும் என்ற பொய்ச் சேதியை நம்பி கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைக்கிறது. செலவாகியிருக்க வேண்டிய கொலஸ்ட்ரால் கல்லீரல் செல்களில் தேங்குகிறது. தன்னிடமே மிகுதியாக இருப்பதால், ரத்தத்திலிருந்து எல்டிஎல் துகள்களை இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளையும் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் ஏறுகிறது. கோப்பையில் ஒரு துளி கொலஸ்ட்ரால்கூட இல்லாத ஒரு பானம், உடலின் கணக்கேட்டை மட்டும் திருத்தி இவ்வளவையும் செய்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அளவையும் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் 10 மில்லிகிராம் கஃபெஸ்டால் உள்ளே போனால், மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம் கூடுகிறது என்பது சோதனைகளின் கணக்கு. கொதிக்க வைத்த காபி ஒரு கோப்பையில் 3 முதல் 6 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஒரு கோப்பையில் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் ஐந்தாறு கோப்பை, பல்லாண்டுகள், ஒரு நாடே குடித்தால் கணக்கு வேறு.

இதற்குத் தடுப்பு ஒரு காகிதத் துண்டு. ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, சக்கையும் கசப்பும் இல்லாத காபி வேண்டும் என்று 1908-இல் மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்தார். அவர் தேடியது சுவையைத்தான். ஆனால் அந்தத் தாள் எண்ணெய்த் துளிகளையும் நுண்தூளையும் தடுத்து நிறுத்திவிடுகிறது. கஃபெஸ்டாலின் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிட, தப்பி வருவதைத் தாள் பிடித்துக்கொள்கிறது. 1991-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கொதிக்க வைத்த அதே காபியைக் காகிதத்தில் வடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறவில்லை. கொதிக்க வைப்பதில் தவறில்லை, வடிகட்டாததுதான் தவறு என்பது இதனால் உறுதியானது.

இதற்குள் ஃபின்லாந்தின் சமையலறைகளில் மின்சாரக் காபி இயந்திரமும் காகித வடிகட்டியும் பரவிவிட்டன. நாட்டின் கொலஸ்ட்ரால் அளவு இறங்கியதற்கு முதல் காரணம் வெண்ணெய் குறைந்ததுதான். காகிதத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எது தேவைப்பட்டது என்று பாருங்கள். 1972 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படிக் காபி போடுகிறீர்கள் என்று கேட்டு எழுதி வைத்த பொறுமை தேவைப்பட்டது. பரபரப்பான செய்தியாகாத இந்த வேலைக்கு அரசு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்தது. ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்கள் மூன்றாண்டில் முடிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வட கரேலியா நினைவுக்கு வரும். காபி அமுதம் என்று ஒருநாளும் காபி நஞ்சு என்று மறுநாளும் வாட்ஸ்அப்பில் வருபவற்றை நம்புவதும் ஒரு மூடநம்பிக்கைதான். காபி என்றால் எந்தக் காபி, எப்படிப் போட்டது என்று கேட்காமல் எந்தப் பதிலும் சரியாக இருக்க முடியாது.

நம் ஊர் எவர்சில்வர் ஃபில்டரில் இருப்பது துளைகள், காகிதம் இல்லை. டிகாஷனில் கலக்கும் சிக்கரியில் கஃபெஸ்டால் கிடையாது. ரொபஸ்டா வகைக் காபிக்கொட்டையில் அராபிகா வகையைவிடக் கஃபெஸ்டால் குறைவு. எல்டிஎல் கூடியிருப்பவர்கள் காகித வடிகட்டிக்கு மாறுவது நல்லது. பாலின் கொழுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நார்வேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வடிகட்டிய காபி குடித்தவர்களிடையே மரண விகிதம், வடிகட்டாத காபி குடித்தவர்களையும் காபியே குடிக்காதவர்களையும்விடக் குறைவாக இருந்தது. காபிதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. கூடவே வரும் வேறு பழக்கங்களும் காரணமாக இருக்கலாம்.

இப்போது கவனம் அலுவலகங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கொட்டையை அரைத்து நொடிகளில் காபி தரும் பெரிய இயந்திரங்களில் பலவற்றில் உலோகச் சல்லடை மட்டுமே இருக்கிறது. ஸ்வீடனில் வேலையிடங்களில் உள்ள 14 இயந்திரங்களின் காபியைச் சோதித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், காகிதத்தில் வடித்த காபியைவிடப் பல மடங்கு கஃபெஸ்டால் அவற்றில் இருந்தது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அளவு வேறுபட்டது. அதே ஆய்வில் கொதிக்க வைத்த காபியைத் துணியில் வடித்தபோதும் கஃபெஸ்டால் வெகுவாகக் குறைந்தது. வேலையிடத்திலும் நிறையக் காபி குடிக்கும் ஃபின்லாந்து, ஸ்வீடன் மக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அலுவலகத்தில் இயந்திரக் காபி குடிப்பவர்கள் எல்டிஎல் கூடியிருந்தால், அந்த இயந்திரத்துக்குள் காகிதம் இருக்கிறதா என்று ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.