‘ஜீன் இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் மார்பகப் புற்று வந்த ஒரு பெண்ணுக்கு ‘ஜீன் டெஸ்ட்’ எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற, கெட்டுப்போனால் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் இரண்டு மரபணுக்களையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது. இன்னொன்று, அந்த இரண்டிலும் ஏற்கெனவே தெரிந்த சில இடங்களை மட்டும் எட்டிப் பார்ப்பது. இரண்டாவது மலிவு, முடிவும் சீக்கிரம் வரும். டர்பனில் மரபணு ஆலோசகராக இருக்கும் என்னைப் பார்க்க வரும் நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் பலர் இந்த இரண்டாவதைச் செய்துகொண்டு, ‘ஜீன் இல்லையாம்’ என்று நிம்மதியாக இருந்தவர்கள். அந்தக் காகிதம் அவ்வளவு நிம்மதி தரக்கூடியது அல்ல.

இந்தச் சுருக்கமான பரிசோதனை யாருக்காக வந்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். 17, 18-ம் நூற்றாண்டுகளில் கேப் பகுதியில் குடியேறிய டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களிலிருந்து பெருகியவர்கள்தான் ஆப்பிரிக்கானர்கள். முதலில் வந்தவர்களில் ஒரு சிலரிடம் இருந்த மரபணு மாற்றம் அப்படியே பிள்ளை, பேரன் என்று இறங்கிவந்திருக்கிறது. பிஆர்சிஏ1-ல் இரண்டு, பிஆர்சிஏ2-ல் ஒன்று. பிஆர்சிஏ மாற்றம் உள்ள ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கிழக்கு, மத்திய ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களுக்கும் இப்படி மூன்று உண்டு. கறுப்பினத்தவரான கோசா மக்களிடமும் கேப் பகுதியில் ‘கலர்ட்’ எனப்படும் கலப்பு வம்சாவளிச் சமூகத்திலும் திரும்பத் திரும்பத் தென்படும் மாற்றம் ஒன்று பிஆர்சிஏ2-ல் இருக்கிறது. இவற்றை ஒன்றுசேர்த்து ஏழெட்டு இடங்களை மட்டும் பார்த்தால் அந்த மக்களுக்கு முதல்படியாக அது நல்ல பரிசோதனைதான். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

நம் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர், தெலுங்கு மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ, எந்தெந்தச் சாதியிலிருந்தோ வந்த கூட்டம் அது. ஒரு பத்து இருபது குடும்பத்திலிருந்து பெருகிய சமூகம் இல்லை. அதனால் ‘நம் மாற்றம்’ என்று மூன்றைக் காட்டவும் முடியாது. நம் பெண்களிடம் அகப்படும் மாற்றங்கள் பிஆர்சிஏ முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இதில் ஒரு விநோதம்: அஷ்கெனாசி யூதர்களின் மூன்றில் ஒன்றான ‘185 டெல் ஏஜி’ தென்னிந்தியக் குடும்பங்களிலும் வருகிறது. ஆகவே அந்தச் சுருக்கப் பரிசோதனையில் நம்மவர் யாராவது அகப்பட்டால் அநேகமாக இதனால்தான் இருக்கும். மற்றவர்கள் தப்பிவிடுவார்கள்.

கணக்காகவே சொல்கிறேன். புரதத்துக்கான கட்டளை எழுதப்பட்ட பகுதியை மட்டும் எடுத்தால் பிஆர்சிஏ1-ல் சுமார் 5,600 டிஎன்ஏ எழுத்துகள், பிஆர்சிஏ2-ல் சுமார் 10,250. தடிமனான புத்தகத்தில் எட்டு வரிகளைப் படித்துவிட்டு ‘அச்சுப்பிழை இல்லை’ என்று கையெழுத்துப் போடுவது போலத்தான் இது. தவிர, சில குடும்பங்களில் எழுத்து மாறியிருக்காது, ஒரு பத்தியே விழுந்துபோயிருக்கும், அல்லது இரண்டு தடவை வந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தனி முறை உண்டு. முழுப் பரிசோதனை கேட்கும்போது ‘நீக்கமும் இரட்டிப்பும் சேர்த்துப் பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள்.

டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஒரு பெண். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 38 வயதில் மார்பகப் புற்று, அதுவும் ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை. ஹார்மோன் மருந்துக்கும் ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கும் மசியாத இந்த வகை இளவயதில் வந்தாலே பிஆர்சிஏ1 மேல் சந்தேகம் வர வேண்டும். சுருக்கப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கைகள் இருவரில் மூத்தவர் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்-ரேக்குப் போவதையே விட்டுவிட்டார். சில வருடம் கழித்து அக்காவுக்கு மறு மார்பிலும் கட்டி. அப்போதுதான் முழுப் பரிசோதனை நடந்தது. பிஆர்சிஏ1-ல், முதல் தடவை யாரும் பார்க்காத ஓர் இடத்தில், மாற்றம் இருந்தது.

அப்புறம் இரண்டு தங்கைகளுக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தோம். மூத்தவருக்கு இருந்தது, இளையவருக்கு இல்லை. இளையவருக்கு வந்த ‘இல்லை’யை முழுசாக நம்பலாம், ஏனென்றால் குடும்பத்தில் எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதையே தேடிப் பார்த்தோம். அவருடைய பிள்ளைகளுக்கும் அது போகாது. அக்காவுக்கு முதலில் வந்த ‘இல்லை’க்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இதனால்தான் யார் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதம் பிடிப்பேன். புற்று வந்தவர் உயிரோடு இருந்தால் அவர்தான் முதலில். அம்மாவுக்குப் பார்க்காமல் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் மகளுக்கு மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், அம்மாவிடம் இருந்த மாற்றம் மகளுக்கு வரவில்லையா, அம்மாவிடமே பிஆர்சிஏ மாற்றம் இல்லையா, வேறொரு மரபணுவா என்று எதுவும் தெரியாது. ஆனாலும் நம் வீடுகளில் பணம் கட்டுவது பெரும்பாலும் வேலைக்குப் போகும் மகள். ‘அம்மாவை எதற்கு இந்த வயதில் தொந்தரவு செய்ய’ என்கிறார்கள். ஒரே ஒரு ஊசி, அல்லது எச்சில். தொந்தரவு அவ்வளவுதான்.

குடும்ப வரலாறு கேட்கும்போது எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம். கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், ஒப்பந்தக் கூலி என்று அவருக்குப் போட்ட காலனி எண் என்ன, எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஆயா எதனால் இறந்தார் என்று கேட்டால் “வயிற்றில் ஏதோ கட்டி” என்பார்கள். அல்லது “வயிறு வீங்கி நீர் கோத்துக்கொண்டது”. எனக்கு இது சாதாரண வார்த்தை இல்லை. சினைப்பைப் புற்று முற்றும்போது வயிற்றில் நீர் கோக்கும். பிஆர்சிஏ குடும்பங்களில் மார்பகப் புற்றோடு கைகோத்து வருவது அதுதான். ஆயாவின் வயிற்றுக் கட்டியும் சின்னம்மாவின் மார்பகக் கட்டியும் ஒரே கதையாக இருக்கலாம்.

ஆடி மாதத்தில் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். என் அறையில் மூன்று சந்திப்பில் கிடைக்காத வம்சாவளி அங்கே ஒரு கூழ்ச் சொம்பு காலியாவதற்குள் கிடைத்துவிடும். யாருக்கு எந்த வயதில் மார்பை எடுத்தார்கள் என்பதை அவர்கள் மறப்பதே இல்லை, கேட்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று, அப்பா பக்கம். “அதெல்லாம் அம்மா பக்கத்தில்தானே மா வரும்?” என்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார். இல்லை. இந்த மாற்றம் அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரும். அப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்றால் அந்தப் பக்கம் புற்றே இல்லாதது போலத் தெரியும். அதனால் அத்தைகள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், அப்பாவின் அம்மாவைக் கேளுங்கள், கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறிப்போன அப்பாவின் அத்தை மகள்களையும் தேடுங்கள். ஆண்களையும் விட வேண்டாம். பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள ஆணுக்குப் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு கூடுதல், மார்பகப் புற்றுகூட வரலாம்.

சரி, யார் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்? 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவர், எந்த வயதிலும் ட்ரிப்பிள் நெகட்டிவ் வந்தவர், இரண்டு மார்பிலும் வந்தவர், சினைப்பைப் புற்று வந்தவர், மார்பகப் புற்று வந்த ஆண், ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு வந்த குடும்பம். மற்றபடி, பயப்படுகிற எல்லோருக்கும் இது தேவையில்லை. மார்பகப் புற்றுகளில் ஒரே மரபணு மாற்றத்தால் பரம்பரையாக வருபவை 5 முதல் 10 சதவீதம்தான். 70 வயதில் ஒரு பாட்டிக்கு மட்டும் வந்திருந்தால் நான் பெரும்பாலும் மேமோகிராமோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

மாற்றம் இருக்கிறது என்று வந்தால் என்ன? 2017-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவருக்குச் சுமார் 72 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவருக்குச் சுமார் 69. சினைப்பைப் புற்றுக்கு முறையே 44, 17. பெரிய எண்கள்தான், ஆனால் இவை ஆயுள் முழுவதற்கும் சேர்த்துச் சொன்னவை, அடுத்த மாதத்துக்கு அல்ல. 2013-ல் ஏஞ்சலினா ஜோலி இரண்டு மார்பையும் எடுத்துக்கொண்டதாக எழுதியதிலிருந்து, “நானும் எடுத்துவிட வேண்டுமா?” என்று கேட்காதவர் குறைவு. கட்டாயமில்லை. அந்த அறுவை ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், உண்மை. ஆனால் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30 வயதிலிருந்து அதோடு மேமோகிராம் என்று கண்காணித்துக்கொண்டே இருப்பதும் ஏற்கப்பட்ட வழி. சிரமம் என்னவென்றால், அந்த எம்.ஆர்.ஐ.யை அரசு மருத்துவமனையில் ஆண்டுதோறும் தவறாமல் பெறுவது எளிதல்ல. எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாதவிலக்கு தொடங்கி இரண்டாவது வாரத்தில் எடுத்தால் படம் தெளிவாக இருக்கும், வீண் சந்தேகங்கள் குறையும்.

சினைப்பை விஷயத்தில் எனக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. அதற்கு நம்பகமான முன்கூட்டிய பரிசோதனை இன்றுவரை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் சாவு குறையவில்லை. அது பொதுவான பெண்களிடம் நடந்தது என்றாலும், ‘வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன், போதும்’ என்று சொல்பவரிடம் போதாது என்றுதான் சொல்கிறேன். பிள்ளை பெற்று முடித்த பிறகு பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45-க்குள்ளும் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வது வழக்கம்.

பிஆர்சிஏ மாற்றம் கிடைக்காத, ஆனால் குடும்பத்தில் புற்று உள்ள பெண்களுக்குப் பொதுவாகச் சொல்வது: நெருங்கிய உறவில் மிக இளவயதில் யாருக்கு வந்ததோ அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, ஆனால் 30-க்கு முன் அல்லாமல், மேமோகிராம் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவத்தில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு மேமோகிராம் எடுக்கும் திட்டம் கிடையாது. நீங்கள்தான் கிளினிக்கில் குடும்ப வரலாற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும். டர்பனில் உள்ள லுதூலி போன்ற மேல்நிலை மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்கவும் முடியாது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் உள்ளூர் கிளினிக் அல்லது ஆர்.கே.கான் மருத்துவமனை வழியாகப் பரிந்துரைக் கடிதத்தோடுதான் மேலே போக வேண்டும். கடிதத்தில் ‘மார்பு வலி’ என்று மட்டும் எழுதினால் வரிசையில் பின்னால் போவீர்கள். யாருக்கு, எந்த வயதில் புற்று என்பதை எழுதச் சொல்லுங்கள்.

முழுப் பரிசோதனையில் ‘இருக்கிறது’, ‘இல்லை’ தவிர மூன்றாவதாக ஒரு பதிலும் வரும்: மாற்றம் உண்டு, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாது. உலகத் தரவுகளில் ஐரோப்பியர் அதிகம், இந்திய வம்சாவளியினர் குறைவு, அதனால் நமக்கு இந்தப் பதில் அதிகம் வருகிறது. இதை வைத்து யாரும் அறுவைக்குப் போகக் கூடாது, உறவினர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் மறுபடி கேளுங்கள். பெரும்பாலானவை பிறகு தீங்கற்றவை என்று மாற்றி எழுதப்படுகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் எச்சில் டப்பா வகைகளையும் நம்ப வேண்டாம். 2018-ல் அமெரிக்காவில் அப்படி ஒன்று பிஆர்சிஏ பார்க்க முதலில் அனுமதி பெற்றபோது, அது பார்த்தது அந்த மூன்று அஷ்கெனாசி மாற்றங்களை மட்டுமே.

காப்பீடு பற்றியும் கேட்கிறார்கள். 1998-ம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டப்படி ‘மெடிக்கல் எய்ட்’ என்ற தனியார் மருத்துவத் திட்டம் உங்கள் மரபணுவைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவோ அதிகச் சந்தா கேட்கவோ முடியாது. காத்திருப்புக் காலம் விதிக்கலாம். ஆயுள் காப்பீடு வேறு. அங்கே உங்களுக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது, ஆகவே பாலிசி எடுக்கும் யோசனை இருந்தால் ரத்தம் கொடுக்கும் முன்பே அதைப் பேசிவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ‘பிஆர்சிஏ பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உதவாது. எந்த மரபணு, மாற்றத்தின் முழுக் குறியீடு, எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அது இருந்தால் ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு மிகக் குறையும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதை நாங்கள் செய்வதில்லை. அவர்கள் பெரியவர்களாகித் தாங்களே முடிவு செய்யட்டும். கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.