அந்தச் சான்றிதழ் திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டது

2021 டிசம்பர் மாதம் இது. இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாவது. கேரள எல்லையிலுள்ள குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்ப்பவர், தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி வருபவர், நான்கு நாள் காய்ச்சலோடு சென்ற வாரம் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் மருந்துக்கடையில் தானாகவே வாங்கிய அசித்ரோமைசின் அட்டை, அதில் மூன்று மாத்திரை காலி. "பனிக்காய்ச்சல்தான் டாக்டரம்மா, மார்கழி பிறந்தாலே எனக்கு இப்படித்தான்" என்றார். பரிசோதனையில் கொரோனா. அவருடைய மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய் உண்டு, இரண்டாம் தவணை ஊசி போடவில்லை. இதை எழுதும்போது அந்த மாமியார் தேனியில் ஆக்ஸிஜனில் இருக்கிறார்.

செய்தி கேட்டு ஓடிவந்த ஹோம்ஸ்டே உரிமையாளர் முதலில் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எங்க வீட்டுலேருந்து வந்திருக்காதுங்க. ஃபாரின்காரங்க நெகட்டிவ் சர்டிபிகேட் காட்டினாங்க, போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்." கைபேசியையும் நீட்டினார். 'தொற்று இல்லை' என்ற பெரிய எழுத்தைத்தான் அவர் படித்திருந்தார். அதற்கு மேலே சிறிய எழுத்தில் இருந்த மாதிரி எடுத்த தேதியையும் நேரத்தையும் அவர் பார்க்கவே இல்லை. விருந்தினர் வந்த மூன்றாம் நாள் அந்த வெளிநாட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்ததும், இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு இதே சமையலம்மா கஷாயம் வைத்துக் கொடுத்ததும் நான் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. அந்த விருந்தினரிடமிருந்துதான் தொற்றியது என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். தார்ப்பாயை இறக்கிவிட்டுப் பதினான்கு பேரை ஏற்றிவந்த ஜீப்பிலும் தொற்றியிருக்கலாம். ஆனால் இருமல் கேட்ட அன்று ஒருவருக்கும் பரிசோதனை செய்யத் தோன்றவில்லை என்பதற்குக் காரணம் அந்தக் காகிதம்தான்.

சுற்றுலா விசா 2021 நவம்பர் 15 முதல் மீண்டும் கிடைத்தது. வழக்கமான பன்னாட்டு விமானங்களை டிசம்பர் 15-இல் தொடங்குவதாக அறிவித்தவர்கள், கொரோனாவின் புதிய திரிபான ஓமிக்ரான் வந்ததும் அதை 2022 ஜனவரி 31 வரை தள்ளிவைத்தார்கள். ஆயினும் நாடுகளுக்கு இடையிலான 'ஏர் பபிள்' ஒப்பந்தங்களின்படி விமானங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எல்லையைத் திறந்ததை நான் குறை சொல்லவில்லை. 2018-இல் வெள்ளம், பிறகு இந்தத் தொற்று என்று அடிமேல் அடி வாங்கிய ஊர் இது. தவணை கட்ட முடியாமல் ஜீப்பை விற்றவர்களும், ஏலக்காய்க் கடையை மூடிவிட்டுத் தோட்ட வேலைக்குப் போனவர்களும் என் நோயாளிகள்தான். விருந்தினர் வரட்டும். வந்தவர் கையிலுள்ள காகிதத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் என் பேச்சு.

2021-இல் இந்தியாவுக்கு வந்தவர், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையின் முடிவைக் காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் திங்கட்கிழமை காலை மூக்கில் மாதிரி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதன் இரவு விமானம், வியாழன் விடியலில் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம், இரண்டு இரவு மூணாறில், சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுத் திண்ணையில். நீங்கள் போட்டோ எடுக்கும்போது அந்தச் சான்றிதழுக்கு வயது ஐந்து நாள். அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் கிருமியை வாங்கியிருந்தால் திங்கட்கிழமைப் பரிசோதனைக்கு அது அகப்படவே அகப்படாது. உள்ளே புகுந்த கிருமி பெருகிப் பரிசோதனையில் தெரியும் அளவுக்கு வருவதற்குச் சில நாட்கள் வேண்டும். அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினான்கு நாளும் ஆகலாம். திங்கட்கிழமை ஆய்வகம் சொன்னது பொய்யல்ல, அன்றைக்கு அது உண்மைதான். சனிக்கிழமையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வழியனுப்ப வந்த உறவினரிடமும், புதன்கிழமை விமான நிலைய வரிசையிலும், வியாழன் மூணாறுச் சாப்பாட்டுக் கூடத்திலும் தொற்றியிருக்கக்கூடியதைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

இதை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் போல எண்ணிக்கொள்கிறார்கள். அந்த அட்டை ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து ஆயுளுக்கும் செல்லும், ஏனென்றால் அது உடம்பில் உள்ள பாதுகாப்பைச் சொல்கிறது. ஆர்டி-பிசிஆர் முடிவு ஒரு காலைப் பொழுதில் மூக்கில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது, அதுவும் குச்சியைச் சரியாக விட்டு எடுத்திருந்தால். மூக்கு நுனியைத் தடவிவிட்டு அனுப்பப்பட்ட மாதிரிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் 2021 டிசம்பர் மாதச் செய்திகளையே எடுத்துப் பார்க்கலாம். கேரளத்தின் முதல் ஓமிக்ரான் நோயாளி பிரிட்டனிலிருந்து டிசம்பர் 6 அன்று கொச்சியில் வந்து இறங்கியவர். இறங்கியபோது எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை, 8-ஆம் தேதி எடுத்ததில் இருந்தது. தமிழ்நாட்டில் முதலில் கண்டறியப்பட்டவர் நைஜீரியாவிலிருந்து தோகா வழியாகச் சென்னை வந்தவர். நைஜீரியா அப்போது ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து வருவோரில் நூற்றுக்கு இருவரை மட்டும் ஏதோ ஒரு வகையில் தேர்ந்து அப்போது பரிசோதித்தார்கள், அவர் அந்த இருவருக்குள் வந்ததால் தெரிந்தது. மீதி தொண்ணூற்றெட்டுப் பேர் வாடகைக் காரில் ஏறி மலைக்கு வந்துவிட்டார்கள். நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு பாராசிட்டமால் போட்டவனிடம் அது தோற்றுப்போகும்.

தாய்லாந்தில் பூக்கெட் தீவை 2021 ஜூலை 1 அன்று சுற்றுலாவுக்குத் திறந்தபோது, முதலில் அந்தத் தீவிலிருப்போரில் எழுபது விழுக்காட்டினருக்கு ஊசி போடுவதைத்தான் இலக்காக வைத்தார்கள். வந்தவர்களுக்கும் வரும்போது ஒரு பரிசோதனை, தங்கியிருக்கும்போது மேலும் இரண்டு. தொடக்கத்தில் பதினான்கு நாள் முடியும்வரை தீவைவிட்டு நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போக விடவில்லை. புறப்பட்ட ஊரில் எடுத்த ஒரே காகிதத்தை நம்பி அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம்மிடம் அப்படிச் சுற்றிக் கடல் இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டிலுள்ள கம்பம்.

"இரண்டு ஊசியும் போட்டவர்கள்தானே" என்பது அடுத்த வாதம். ஊசி அவரைச் சாவிலிருந்தும் தீவிர நோயிலிருந்தும் பெருமளவு காக்கும். அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றவே தொற்றாது என்று எந்த ஊசிக்கும் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் விருந்தினரின் ஊசியைவிட உங்கள் வீட்டுக் கிழவியின் ஊசியைப் பற்றி நான் நச்சரிக்கிறேன்.

2020 மார்ச்சை நினைத்துப் பார்க்கிறேன். மூணாறில் தங்கியிருந்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, அவர் ஏறிய விமானத்தை நெடும்பாசேரியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அதன் பிறகு வெள்ளைத் தோலைக் கண்டாலே அறை இல்லை என்று சொன்னவர்களும், இரவில் தங்க இடம் தேடி அலைந்த பயணிகளும் இதே மாவட்டத்தில்தான் இருந்தார்கள். அன்றைக்கு முகத்தைப் பார்த்து விரட்டினோம், இன்றைக்குக் காகிதத்தைப் பார்த்து வாயிற்கதவைத் திறந்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

ஆகவே தயவுசெய்து சில காரியங்களைச் செய்யுங்கள். சான்றிதழில் முடிவை மட்டும் பார்க்காமல் மாதிரி எடுத்த தேதியையும் பாருங்கள், அவர் எந்த நாள் இறங்கினார் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். இறங்கியதிலிருந்து பதினான்கு நாள் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது 2021-இல் அவருக்கு விதிக்கப்பட்டிருந்த விதிமுறை. அதை நினைவூட்டுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "காய்ச்சலோ இருமலோ வந்தால் சொல்லுங்கள், அறையை விட்டு வெளியேற்ற மாட்டோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மனிதர்கள் மறைக்கிறார்கள், வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரும் ஒன்றுபோலவே. குளிர் அடிக்கிறது என்பது எனக்கும் தெரியும், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். போர்வை ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். ஜீப்பின் பக்கத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டுங்கள். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டுவதானால் மாட்டவே வேண்டாம்.

யாருக்குத் தொற்று என்று தெரிந்தாலும் அவருடைய பெயரையும் பாஸ்போர்ட் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சென்ற வாரம் ஒருவர் போட்டார். அடுத்த நாள் முதல் இருமலோடு என்னிடம் வருவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. இருமல் குறைந்ததாக நான் நம்பவில்லை.

மாநில எல்லையைக் கடந்து வேலைக்கு வரும் பெண்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரிசோதனை செய்தால் மலைமேலேயே தடுத்து நிறுத்திவிடுவார்கள், வீட்டில் பிள்ளைகள் தனியே, கூலியும் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது நியாயமானதே. அதற்காக மாத்திரை அட்டையோடு நான்கு நாளைக் கழிக்காதீர்கள். அசித்ரோமைசின் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கூலியைப் பிடிக்காதீர்கள் என்று உங்கள் முதலாளியிடம் பேச வேண்டுமானால் நான் பேசுகிறேன், ஏற்கெனவே இரண்டு பேரிடம் பேசி ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் தொடங்கிய அன்றே கூடலூரிலோ குமுளியிலோ, எது பக்கமோ அங்கே, மாதிரி கொடுத்துவிடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரைக் காலையும் மாலையும் மாட்டிப் பாருங்கள். 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். கருவி இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிப் போகலாம். என்னிடம் இருப்பது மூன்று, இப்போது இரண்டு வெளியே போயிருக்கின்றன. கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொடுத்தால் நல்லது.