தொட்ட கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது

1688-ல் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மோலினியூ என்பவர் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். மோலினியூவின் மனைவி பார்வை இழந்தவர். கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், கனசதுரம் எது, உருண்டை எது என்று தடவிப் பார்த்தே சொல்லப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை கிடைக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்தால், தொடாமலேயே எது எது என்று சொல்லிவிடுவாரா?

"இதென்ன கேள்வி, கண்தான் தெரிகிறதே" என்று தோன்றும். ஆனால் லாக் முடியாது என்றார். கேட்ட மோலினியூவும் அப்படியே நினைத்தார். அவர்கள் நினைத்தது சரியா என்று முறையாகச் சோதித்துப் பார்க்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இந்தக் கேள்வியை முதலில் படித்தபோது எனக்கும் அது விளையாட்டாகத்தான் பட்டது. பார்வை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதன் ஆழம் புரிந்தது. விழித்திரையில் விழுவது தட்டையான, தலைகீழான ஒரு பிம்பம். அங்கே உள்ள பன்னிரண்டு கோடி அளவிலான ஒளி உணரும் செல்கள் அந்த வெளிச்சத்தை மின்சைகையாக மாற்றுகின்றன. அந்தச் செய்தி எல்லாம் சுருங்கி, சுமார் பத்து லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. இதுவரை நடப்பது புலனுணர்வு. இங்கே வெளிச்சம், அங்கே இருட்டு, இன்ன நிறம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. "இது தம்ளர், அது அதன் நிழல், பின்னால் இருப்பது சுவர்" என்று பிரித்து அறிவது மூளை. அதுதான் புலன்காட்சி. இரண்டும் கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடந்து முடிவதால், கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிடுவதாக நாம் நினைக்கிறோம்.

1728-ல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சிறு வயதிலிருந்தே கண்புரையால் பார்வை இல்லாத 13 வயதுப் பையன் ஒருவனுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். பார்வை வந்ததும், எதிரில் உள்ள பொருள்கள் எல்லாம் தன் கண்ணைத் தொடுவதாக அவனுக்குத் தோன்றியதாம். வீட்டுப் பூனை எது, நாய் எது என்று பார்த்து மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பூனையைத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டு, அதை உற்று நோக்கி, இனிமேல் உன்னை அடையாளம் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொன்னானாம்.

ஒரு பையனின் அனுபவத்தை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வசதியான நாடுகளில் பிறவிக் கண்புரையைப் பிறந்த சில வாரங்களிலேயே எடுத்துவிடுவதால், அங்கே இதைச் சோதிக்க ஆளே கிடைக்காது. இந்தியாவிலோ சிகிச்சையே கிடைக்காமல் பத்து, பதினைந்து வயது வரை இருட்டில் இருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்கா, அவர்களுக்காக 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிரகாஷ் என்றால் ஒளி. முதலில் சிகிச்சை, அப்புறம்தான் ஆய்வு. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மோலினியூவின் கேள்விக்கு விடை சொன்ன ஆய்வு 2011-ல் வெளியானது. 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேர். சிகிச்சை முடிந்து இரண்டு நாட்களுக்குள் சோதித்தார்கள். குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளைப் போன்ற பெரிய பெரிய உருவங்கள். ஒன்றைப் பார்க்கவைத்து, பிறகு இரண்டைக் காட்டி, முன்பு பார்த்தது எது என்று கேட்டபோது 92 சதவீதம் சரி. ஆக, கண் நன்றாகவே வேலை செய்தது. தொட்டதை மறுபடி தொட்டுக் கண்டுபிடிப்பதில் 98 சதவீதம் சரி. ஆனால் தொட்ட உருவத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது 58 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும்! லாக் சொன்னது சரிதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில நாட்கள் கழித்து மறுபடி சோதித்த பிள்ளைகள், தொட்டதைக் கண்ணால் அடையாளம் காண்பதில் வெகுவாக முன்னேறியிருந்தார்கள். இடையில் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சாப்பிட்டார்கள், நடந்தார்கள், கையில் கிடைத்ததை எடுத்துப் பார்த்தார்கள். கைக்கும் கண்ணுக்கும் இடையே பாதை போட அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு வட்டத்தின் மேல் ஒரு சதுரம் பாதி படிந்திருக்கும் கோட்டுப் படத்தைக் காட்டினால், நமக்கு இரண்டு உருவம் தெரியும். புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கோ மூன்று துண்டுகள் தெரிந்தன. எந்தக் கோடு எந்தப் பொருளுக்குச் சொந்தம் என்று அவர்கள் மூளைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சதுரத்தை நகர்த்திக் காட்டினால் போதும், சட்டென்று தெரிந்துவிடும். சேர்ந்து நகர்பவை ஒரே பொருள் என்று மூளை பிடித்துக்கொள்கிறது. நாமும் தொட்டில் குழந்தைக்கு முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டித்தான் காட்டுகிறோம்.

அதற்காக எல்லாமே பழக்கத்தால் வருவது என்றும் சொல்லிவிட முடியாது. தண்டவாளம் போலத் தூரத்தில் குவியும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, சம நீளமுள்ள இரண்டு குச்சிகளை மேலும் கீழுமாக வரைந்தால், மேலே இருப்பது நீளமாகத் தெரியும். தண்டவாளங்களைப் பார்த்துப் பழகியதால் வரும் மயக்கம் என்றுதான் இதற்குக் காரணம் சொல்லிவந்தார்கள். 2015-ல் வெளியான ஆய்வில், அதே திட்டத்தில் பார்வை பெற்ற ஒன்பது பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினார்கள். கட்டுப் பிரித்த கையோடு பார்த்தவர்களுக்கும் மேலே உள்ளதுதான் நீளமாகத் தெரிந்தது. பழகுவதற்கு அவர்களுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை.

தாமதமாகச் சிகிச்சை பெற்ற இந்தப் பிள்ளைகள் பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணப் பழகினார்கள். ஆனால் நம்மைப் போன்ற கூர்மையான பார்வை அவர்களுக்கு வரவில்லை. சிறு வயதில் கண்ணிலிருந்து தெளிவான செய்தி வந்தால்தான் மூளையின் நுட்பமான இணைப்புகள் சரியாக அமையும். இரண்டு கண்ணிலும் அடர்த்தியான பிறவிக் கண்புரை இருந்தால், பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. கைக்குழந்தையின் கருமணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடாமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.