மணல்மேடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

ராணுவம் எதையாவது மறைக்கிறது என்றாலே பச்சை வலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கோ வலையைக் கண்டால் சந்தோஷம். "இங்கே ஏதோ இருக்கிறது" என்று எழுதி ஒட்டிய மாதிரிதான் அது. போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன மாறியது என்றுதான் அவர்கள் தேடுவார்கள். புதிய வண்டித்தடம், கிளறிய மண், இடம் மாறி நிற்கும் புல்டோசர், நேற்று இல்லாத ஒரு நிழல். ஆகவே மறைக்கிறவரின் முதல் வேலை, எதுவும் மாறவில்லை என்று நம்பவைப்பது. இதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் உண்டு, ராஜஸ்தானின் பொக்ரான்.

1995 டிசம்பரில் அங்கே அணுகுண்டு சோதனைக்கு ஏற்பாடு நடப்பதை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பிடித்துவிட்டன. நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அமெரிக்கத் தூதர் ஃபிராங்க் விஸ்னர் டெல்லியில் படத்தைக் காட்டியே பேசினார். சோதனை நின்றது. ஆனால் படத்தைக் காட்டியது அமெரிக்கர்கள் செய்த பிழை என்றே சொல்லவேண்டும். எதைப் பார்த்துக் கண்டுபிடித்தோம் என்று பிடிபட்டவருக்கே பாடம் எடுத்த கதை ஆகிவிட்டது.

1998இல் அந்தப் பாடத்தை வரி வரியாகப் படித்துத் தேர்ந்தவர்கள் ராணுவத்தின் 58ஆவது பொறியாளர் ரெஜிமெண்ட். குண்டுகளை இறக்கும் குழிகளைத் தயார்செய்யும் வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது. விடிவதற்குள் கனரக வண்டிகள் எல்லாம் முந்தின நாள் நின்ற அதே இடத்துக்குத் திரும்பிவிடும். பகலில் மேலே கடந்துபோகும் கேமராவுக்கு, அந்த வண்டி வாரக்கணக்காக நகரவே இல்லை என்று தோன்றும். கேபிள்களைப் புதைத்து மேலே மணலைப் பரப்பி, அந்தப் பாலைவனத்துச் செடிகளையே வைத்து மூடினார்கள். தோண்டிய மண்ணை என்ன செய்வது? குவித்து வைத்தால் ஒரே பார்வையில் மாட்டிக்கொள்ளும். அதனால் காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அதற்கேற்ப இயற்கையான மணல்மேடுபோலச் சரித்துவிட்டார்கள். தார்ப் பாலைவனத்தில் மணல்மேடுகளை உருவாக்குவது காற்றுதான். அதன் போக்குக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு மேடு, ஆயிரம் மேடுகளுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட நுட்பமான வேலை குறைவு.

ஆட்களையும் மறைக்கவேண்டுமே. ஒரு ராணுவ முகாமில் திடீரென்று சட்டை பேண்ட் போட்டவர்கள் கூடினால் அதுவும் ஒரு மாற்றம்தான். விஞ்ஞானிகள் ராணுவச் சீருடையில் வந்தார்கள், சின்னச் சின்னக் குழுக்களாக, புனைபெயர்களில். அப்துல் கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்'. அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம் 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்'. கலாமின் தலைமுடியோடு ஒரு மேஜர் ஜெனரலா என்று தரையில் நிற்பவர் கேட்டிருக்கலாம். விண்வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சீருடையின் நிறம் போதும். குண்டுகள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து சாதாரண ராணுவ லாரிகளில் கிளம்பி, ஏஎன்-32 விமானத்தில் ஜெய்சல்மேர் போய், அங்கிருந்து மறுபடி லாரியில் போயின. முன்னும் பின்னும் சைரன் வண்டிகள் கிடையாது. பெரிய பாதுகாப்பே பெரிய அடையாளம் அல்லவா.

மே 11 பிற்பகல் 3.45 வாக்கில் மூன்று குண்டுகள், மே 13 அன்று இரண்டு. வாஜ்பாய் அறிவித்த பிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. அதன்பின் உளவுத்துறை எப்படிக் கோட்டைவிட்டது என்று அமெரிக்காவில் அட்மிரல் டேவிட் ஜெரமையா தலைமையில் விசாரணை நடந்தது. அதில் கவனிக்கவேண்டியது: இந்தியாவின் மறைப்பு நன்றாக இருந்தது என்பதோடு விஷயம் முடியவில்லை. புதிய அரசு இப்போதைக்குச் சோதனை நடத்தாது என்ற எண்ணம் அமெரிக்க உளவுத்துறையினர் மனத்திலேயே ஊறிப்போயிருந்தது. தேடுகிறவர் அசந்திருக்கும்போதுதான் மறைப்பு முழுப் பலன் தருகிறது.

இப்போது வலைக்கு வருவோம். வலையைப் போர்வைபோல வண்டிமேல் போட்டால் வண்டியின் வடிவம் அப்படியே தெரியும். கம்புகள் நட்டு, வண்டிக்கும் வலைக்கும் குறைந்தது 2 அடி இடைவெளி விடவேண்டும். ராடார் அலைகளைச் சிதறடிக்கும் வலைகள் அந்த இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும், எஞ்சின் சூடும் அப்போது நேராக வலையில் ஏறாது. ஓரங்களைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் சரிவாக இழுத்து முளை அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கூர்மையான நிழல் போடும். முன்கண்ணாடியைச் சாக்குத் துணியால் மூடவேண்டும், வெயிலில் அது பளிச்சிடும். இத்தனையும் செய்துவிட்டு, வண்டி உள்ளே போன டயர்த் தடத்தை அழிக்க மறந்தால் மொத்த உழைப்பும் வீண். தடம் ஒரு புதருக்குள் போய் நின்றுவிடுகிறது, மறுபக்கம் வெளியே வரவில்லை. புதருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அழிக்க முடியாத இடத்தில், தடத்தை நிற்குமிடம் தாண்டி இன்னும் கொஞ்சதூரம் ஓட்டிப்போய் ஏதாவது ஒரு சாலையில் சேர்த்துவிடுவார்கள்.

மரக்கிளைகளை வெட்டி மூடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பியடிக்கும். அந்த ஒளியைச் சேர்த்துத் தயாரிக்கும் படங்களில் செழிப்பான செடிகொடிகள் சிவப்பாகத் தெரியும். வெறும் பச்சை பெயிண்ட் அப்படித் தெரியாது, செத்துப்போன நிறத்தில் நிற்கும். வெட்டிய கிளையும் வாட வாட இந்தப் பிரகாசத்தை இழந்துவிடும். நம் கண்ணுக்கு இன்னும் பச்சையாக இருக்கும்போதே கேமராவுக்கு அது வாடல் என்று தெரிந்துவிடும். அதனால்தான் கிளைகளை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும் கிளைகளையும் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டக்கூடாது, மொட்டையான மரமும் ஒரு தடயம்.

மறைக்கவே முடியாத அளவுக்குப் பெரிய படை என்றால் வேறு வழி வேண்டும். 1942இல் எகிப்தின் எல் அலமெயினில் பிரிட்டிஷ் எட்டாவது படை செய்தது இதுதான். வடக்கே தாக்கப்போகிறார்கள், ஆனால் தெற்கே என்று ஜெர்மன் தளபதி ரோம்மலின் படை நம்பவேண்டும். தெற்கு நோக்கித் தண்ணீர்க் குழாய் பதிப்பதுபோல ஒரு நாடகம் போட்டார்கள். சுமார் 5 மைலுக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். காலி பெட்ரோல் டின்களைக் குழாய் நீளத்துக்கு அதன் ஓரமாக வரிசையாக வைப்பார்கள். இரவில் வாய்க்காலை மூடிவிட்டு, அதே டின்களைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த 5 மைலுக்குப் போவார்கள். மேலிருந்து பார்த்தால் நாளுக்கு நாள் குழாய் வளர்கிறது. வேலை போகும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நவம்பரில்தான் முடியும் என்று வரும். தாக்குதல் தொடங்கியதோ அக்டோபர் 23 அன்று. இடத்தை மட்டுமல்ல, தேதியையும் அந்த டின்கள் மறைத்தன.

வடக்கே டாங்கிகளுக்கு லாரி வேஷம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் மூடியை முதலில் வெறுமையாகவே நிறுத்திவைத்து, எதிரியின் விமானங்களுக்கு அந்த 'லாரிகளை'ப் பழக்கப்படுத்திவிட்டார்கள். பிறகு ஓர் இரவு டாங்கி வந்து அதற்குள் புகுந்துகொள்ளும். அது கிளம்பிய பழைய இடத்தில் பொம்மை டாங்கி. தெற்கே முனாசிப் பள்ளத்தில் இன்னும் குறும்பு. அங்கே வைத்த போலிப் பீரங்கிகளை ஆள் நடமாட்டமே இல்லாமல் விட்டு, இவை போலி என்று எதிரியே கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். கண்டுபிடித்து அலட்சியமானதும் இரவோடு இரவாக உண்மையான பீரங்கிகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

போலிப் பொருள் மலிவாக இருக்கலாம், ஆனால் தேடுகிறவர் பார்க்கும் தூரத்துக்குப் பொருந்தவேண்டும். 1999இல் கொசோவோவில் செர்பியப் படைகள்மேல் குண்டுவீசிய நேட்டோ விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே பறந்தன. அந்த உயரத்துக்கு, கறுப்புப் பூசிய மரக்கட்டையும் பழைய லாரிச் சக்கரமும் பீரங்கியாகப் போதுமானதாக இருந்தது. சுமார் 120 டாங்கிகளை அழித்ததாக முதலில் சொன்னார்கள். தரையில் இறங்கிப் பார்த்த குழு கண்டது 14 என்று பிற்பாடு செய்தி வெளியானது. நேட்டோ அதை ஏற்காமல் 93 என்று தன் கணக்கைச் சொன்னது. எப்படியானாலும் இவ்வளவு இடைவெளி விழுவதே போலிகளின் வெற்றி. இதற்கு மாறாக, ரஷ்யா 2023இல் தன் எங்கெல்ஸ் விமானத்தளத்தின் தரையில் குண்டுவீச்சு விமானத்தின் உருவத்தைப் பெயிண்டில் வரைந்தது. தட்டையாக வரைந்த விமானத்துக்கு நிழல் ஏது? தனியார் செயற்கைக்கோள் படங்களிலேயே அது வெளிப்பட்டுவிட்டது.

இப்படி விலைக்கு வாங்கக்கூடிய படங்கள்தான் இன்றைய பெரிய மாற்றம். 30 சென்டிமீட்டர் துல்லியத்தில், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 சென்டிமீட்டர் என்ற அளவில் கிடைக்கின்றன. இருட்டிலும் மேகத்திலும் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள்களும் வந்துவிட்டன. இரவு வேலை மட்டும் இப்போது போதாது. இவற்றையெல்லாம்விட மலிவான உளவுக் கருவி சட்டைப்பையில் இருக்கிறது. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தில், பாலைவன ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. வீரர்கள் காலையில் ஓடிய தடம் அது. 2023 புத்தாண்டு அன்று, ரஷ்யா பிடித்துவைத்திருந்த உக்ரைன் நகரமான மக்கியிவ்காவில் தங்கியிருந்த ரஷ்ய வீரர்கள்மேல் உக்ரைன் ராக்கெட்டுகள் விழுந்தன. வீரர்கள் கைப்பேசி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. 89 பேர் இறந்ததாக அவர்கள் கணக்கு.

வீரர்களின் கைப்பேசியோடு இது நிற்பதில்லை. படை நகர்வுகளை நேரலையில் காட்டவேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கும் சமூக ஊடகப் பயனர்களுக்கும் அறிவுறுத்தியது. ஏன் என்று புரிய, டாங்கிகளை ஏற்றிய ஒரு சரக்கு ரயிலை நடைமேடையில் நின்று எடுக்கும் பத்து விநாடி வீடியோவை எண்ணிப் பாருங்கள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும், எத்தனை வேகன்கள் என்பது எண்ணக் கிடைக்கும். மூடிய உருவத்தின் நீளமும் உயரமும் எந்த வகை வண்டி என்று சொல்லும். தண்டவாளத்து மின்கம்பத்தில் கிலோமீட்டர் எண் பெயிண்டில் எழுதியிருக்கும், இடம் அதிலேயே தெரிந்துவிடும். கம்பத்தின் நிழலை வைத்து நேரம், எஞ்சின் நிற்கும் பக்கத்தை வைத்துத் திசை. எடுத்தவர் இதில் எதையும் கவனித்திருக்க மாட்டார். அவர் எழுதியது "ஜெய் ஹிந்த்" மட்டும்தான்.